ஊட்டியில் பனி பெய்யுமா?

மார்கழி மாத விடியற்காலையில் பாகூர் ஏரிக்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பத்தடி தூரத்தில் இருக்கும் வரப்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. நெற்பயிரின் நுனியில் எல்லாம் முத்து முத்தாக நீர் நிற்கும். வாசல் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகி வைத்த பூசணிப்பூ, குளித்துவிட்டு வந்தது போல நனைந்திருக்கும். வில்லியனூர்ப் பக்கம் டியூஷனுக்கு சைக்கிளில் கிளம்பினால், "பனி கொட்டுதுடா! தலையில துண்டைக் கட்டிக்கிட்டுப் போ" என்று பாட்டி குரல் கொடுப்பார்.

அதே நாள், அதே நேரம், ஊட்டியில் காந்தல் பகுதியில் புல்தரை வெள்ளை வெளேர் என்று இருக்கும். உப்பைக் கொட்டிப் பரப்பியது போல! கார் கண்ணாடியின் மேல் படிந்த வெள்ளையை டிரைவர்கள் சுரண்டி எடுப்பார்கள். அன்று மாலை டி.வி.யில், "காஷ்மீர் போல மாறிய ஊட்டி" என்று செய்தி வரும்.

உடனே நம் வீட்டுச் சுட்டிகள் கேட்பார்கள்: "அப்போ ஊட்டியில ஸ்னோ விழுதா? அங்கே போனா பனி மனுஷன் செய்யலாமா?"

செய்ய முடியாது, குட்டீஸ்! அங்கே தரையில் இருப்பது பனிதான். ஆனால், அது வானத்தில் இருந்து விழுந்த பனி அல்ல. விழாத பனி எப்படி வந்தது? விழுகிற பனி ஏன் வருவதில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால், இப்போது நீலகிரிக்காரர்கள் ஏன் கவலையோடு வானத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

பனி என்ற ஒரே சொல்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் மொழியில் இருக்கிறது. புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. கண்ணை மறைக்கும் வெண்புகையும் பனி. இமயமலையில் மலை மலையாகக் குவிந்திருப்பதும் பனி! நாம் வாழும் சமவெளியில் முதல் இரண்டும்தான் உண்டு. மூன்றாவதைப் பார்க்காத ஊரில் அதற்கென்று தனிச் சொல் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

ஆனால், பனிக்காலத்தை நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, அதில் இரண்டைப் பனிக்கே கொடுத்துவிட்டார்கள். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இரவின் முன்பகுதியிலேயே பனி இறங்கிவிட்டால் முன்பனி. விடியும் நேரத்தில் இறங்கினால் பின்பனி என்று உரையாசிரியர்கள் விளக்கம் சொல்வார்கள். தூங்காமல் இருந்து பார்த்தவர்கள்தான் இப்படிப் பிரித்திருக்க முடியும்!

நீலகிரி மக்களிடம் இன்னும் நுணுக்கமான பெயர்கள் இருக்கின்றன. அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பரில் புல்லை நனைக்கத் தொடங்குவது நீர்ப்பனி. குளிர் ஏற ஏற அது வெள்ளையாக இறுகினால் உறைபனி. வழக்கமாக நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை உறைபனி இருக்கும். வானத்தில் இருந்து பஞ்சு போல விழுவதைப் பனிப்பொழிவு என்கிறோம். மூன்றையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி கொட்டுவதே இல்லை!

பாட்டி சொன்ன "பனி கொட்டுது" என்ற பேச்சில் ஒரு சின்ன பிழை உண்டு. (பாட்டியிடம் சொல்ல வேண்டாம்!) மழை கொட்டும். பனித்துளி கொட்டாது. அது இருந்த இடத்திலேயே பிறக்கும்.

ஃபிரிட்ஜில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பாட்டிலின் வெளிப்புறம் வியர்த்துவிடும். உள்ளே இருந்த தண்ணீர் வெளியே கசியவில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி, குளிர்ந்த பாட்டிலைத் தொட்டதும் துளியாக மாறிவிடுகிறது. புல்லின் மேலும் இதேதான் நடக்கிறது.

சரி, புல்லை யார் ஃபிரிட்ஜில் வைத்தது? வானம்தான்! பகலில் வெயிலில் வாங்கிய வெப்பத்தைத் தரையும் புல்லும் கூரையும் இரவில் மேல்நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். வானத்தில் மேகம் இருந்தால், அந்த வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பத் தரைக்கே வந்து சேரும். மேகம் என்பது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. மேகம் இல்லாத, நட்சத்திரம் நிறைந்த இரவில் கம்பளி இல்லை. வெப்பம் எல்லாம் தடையின்றி மேலே போய்விடும். சுற்றியுள்ள காற்றைவிடப் புல் அதிகமாகக் குளிர்ந்துவிடும். அப்புறம் என்ன, பாட்டில் வியர்த்த கதைதான்.

இதைத் தெளிவாக நிரூபித்தவர் லண்டனில் வாழ்ந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற டாக்டர். 1814ஆம் ஆண்டு பனித்துளியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. ஒரே எடையுள்ள கம்பளிப் பஞ்சு உருண்டைகளை எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் ஒரு பலகையைத் தரைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். ஓர் உருண்டையைப் பலகையின் மேலும், இன்னொன்றைப் பலகையின் அடியிலும் இரவு முழுக்க வைத்தார். காலையில் எடை போட்டால், மேலே இருந்தது நிறைய ஈரத்தை வாங்கியிருந்தது; அடியில் இருந்தது கொஞ்சமே வாங்கியிருந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உருண்டைக்கே அதிகப் பனி!

இந்தச் சோதனைக்குக் கம்பளி வேண்டாம், தராசும் வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் போதும். ஒன்றை மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வையுங்கள். மற்றொன்றைக் கீற்றுக் கொட்டகைக்கு அடியிலோ, மாமரத்துக்கு அடியிலோ வையுங்கள். காலையில் வெயில் வருவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். எது ஈரம், எது காய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். (தட்டை அம்மாவிடம் கேட்டு எடுங்கள். காக்கை தூக்கிக்கொண்டு போனால் நான் பொறுப்பில்லை!)

மலை ஏறுவோம்

இப்போது பாகூரில் இருந்து ஊட்டிக்குப் போவோம். மார்கழி, தை மாதங்களில் புதுச்சேரியில் இரவு வெப்பநிலை ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அதற்கே நாம் போர்வையைத் தேடுகிறோம்! மலை மேலே போகப் போக, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடிக்கொண்டே போகும். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். 21இல் இருந்து 14 அல்லது 15 டிகிரியைக் கழித்தால் மிச்சம் ஆறு, ஏழு டிகிரி. சாதாரண ஜனவரி இரவில் ஊட்டியின் குளிர் ஏறத்தாழ அதுதான்.

தண்ணீர் உறைவது பூஜ்யம் டிகிரியில் அல்லவா? ஆறு டிகிரியில் புல் எப்படி உறையும்? இங்கேதான் மேகமில்லாத வானம் வேலை செய்கிறது. போர்வை இல்லாத இரவில் மீதி டிகிரிகளும் மளமளவென்று இறங்கிவிடும். புல்லின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனதும், காற்றில் உள்ள நீராவி துளியாக மாறாமல் நேரே பனிப் படிகமாகப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் உறைபனி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "ஊட்டியில் நேற்று 2 டிகிரி" என்று செய்தித்தாளில் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே வெள்ளைப் புல்லின் படமும் இருக்கும். 2 டிகிரியில் உறையுமா என்று சண்டைக்குப் போகாதீர்கள். வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள், கிட்டத்தட்ட உங்கள் தோள் உயரத்தில் வைத்திருப்பார்கள். அது காற்றின் வெப்பநிலையைச் சொல்கிறது. தரையில் கிடக்கும் புல்லின் வெப்பநிலை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும்.

மேடு பள்ளமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான, திறந்த இடங்களில் உறைபனி முதலில் படிகிறது. சில இரவுகளில் மலைச்சரிவின் மேல்பகுதி பள்ளத்தாக்கைவிடக் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். உயரம் போனால் குளிர் என்ற விதியைப் பள்ளத்தாக்குகள் இரவில் மட்டும் ஏமாற்றிவிடுகின்றன!

இந்தக் குளிர் நம் தென்மலைகள் எல்லாவற்றுக்கும் பொது. கொடைக்கானலிலும் உறைபனி உண்டு. கேரளத்தின் மூணாறில் 2019 ஜனவரியில் தேயிலைத் தோட்டங்கள் வெள்ளையாகி, அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். இலங்கையின் நுவரெலியாவிலும் ஜனவரி, பிப்ரவரியில் தேயிலைச் செடிகள் மேல் வெள்ளை படியும். அதிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிற தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அழகான காட்சி இல்லை. விரல் விறைத்துப் போகும் வேலை நேரம் அது.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் வீட்டைப் பாருங்கள். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருக்கும். வாசல் மிகச் சிறியது. குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே கொடுங்குளிர் இருந்தாலும், அந்தச் சின்ன வாசல் வழியாக உள்ளே உள்ள சூடு வெளியே ஓடிவிடாது. சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த தடித்த போர்வையையும் போர்த்திக்கொள்வார்கள். அதற்குப் புத்துக்குளி என்று பெயர்.

மண் சட்டியில் ஐஸ்

உறையும் குளிர் இல்லாத ஊரிலும் வானத்தை நம்பி ஐஸ் தயாரித்திருக்கிறார்கள், தெரியுமா? கரண்ட் இல்லாத காலத்தில்!

வட இந்தியாவில் அலகாபாத் (இப்போதைய பிரயாக்ராஜ்) பக்கம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, திறந்த வெளியில் ஆழமில்லாத அகலக் குழிகளை வெட்டுவார்கள். அதில் கரும்புத் தோகை, சோளத் தட்டை போன்றவற்றைப் பரப்புவார்கள். மேலே வரிசை வரிசையாகச் சின்ன மண் சட்டிகள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சாயங்காலம் அவற்றில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அடியில் தட்டை இருப்பதால் தரையின் சூடு சட்டிக்கு ஏறாது. மேலே வானம் திறந்து கிடப்பதால் சட்டியின் சூடு போய்க்கொண்டே இருக்கும். சூரியன் வருவதற்கு முன் சட்டிகளில் ஐஸ்! காற்றின் குளிர் உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் இது நடந்தது. அதை எல்லாம் குழியில் போட்டு இடித்து, வைக்கோலால் மூடி, கோடை வரைக்கும் வைத்திருப்பார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் பார்த்து, 1775இல் லண்டனில் வெளியான அறிவியல் இதழில் விவரமாக எழுதினார். வெல்ஸ் டாக்டர் புத்தகம் போடுவதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர் உழைப்பாளிகள் அந்த உண்மையைக் கையால் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் பெயர்களை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் பனிப்பொழிவு ஏன் இல்லை?

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். பனிப்பொழிவுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, மேகம். இரண்டு, அந்த மேகத்தில் இருந்து தரை வரைக்கும் உறையும் குளிர். மேகத்துக்குள் நீராவி ஆறு மூலைப் படிகமாக வளர்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, உருகாமல் தரைக்கு வந்து சேர்ந்தால் அதுதான் பனிப்பொழிவு. அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற இடத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி நுண்நோக்கியோடு காமிராவைப் பொருத்தி, ஒரு பனிப் படிகத்தை முதன்முதலாகப் படம் பிடித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க 5000க்கும் மேல் எடுத்தார். பெரும்பாலானவை ஆறு மூலைக் கோலங்கள். நம் வாசல் கோலத்தை அவர் பார்த்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

நீலகிரியில் என்ன சிக்கல் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். அங்கே உறையும் குளிர் வருவதே மேகம் இல்லாத இரவில்தான். மேகம் வந்தால் கம்பளி போர்த்தியாகிவிட்டது, குளிர் போய்விடும். குளிர் இருக்கும்போது மேகம் இல்லை. மேகம் இருக்கும்போது குளிர் இல்லை. கண்ணாமூச்சி விளையாட்டில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சுற்றும் இரண்டு பேரைப் போல, இந்த இரண்டும் ஊட்டியில் சந்திப்பதே இல்லை!

மேகம் இருக்கும் நாளிலும் உறையும் குளிர் வேண்டும் என்றால், மலை இன்னும் உயரமாக இருக்க வேண்டும். நம்மைப் போல வெப்ப மண்டலத்தில் இருக்கும் நாடுகளில், காற்று எப்போதும் உறைநிலையில் இருப்பது தரையில் இருந்து ஏறத்தாழ 5000 மீட்டர் உயரத்தில். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர். பாதி வழியில் நின்றுவிட்டன! ஆப்பிரிக்காவில் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கும் கிளிமஞ்சாரோ 5895 மீட்டர். அதனால் அதன் தலையில் பனி இருக்கிறது. (அதுவும் 1912இல் இருந்ததில் 80 சதவீதத்துக்கு மேல் கரைந்துபோய்விட்டது.) ஹவாய்த் தீவில், கடற்கரையில் மக்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே, 4207 மீட்டர் உயர மௌனா கியா மலையில் குளிர்கால நாட்களில் பனி பெய்வதுண்டு.

"இல்லையே, ஊட்டியில் ஐஸ் மழை பெய்ததை வீடியோவில் பார்த்தேனே" என்கிறீர்களா? அது ஆலங்கட்டி மழை. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதக் கோடை இடிமழையோடு வரும். ராட்சத இடிமேகத்துக்குள் நீர்த்துளிகள் மிக உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டு, உறைந்து, உருண்டையாகி, உருகுவதற்கு நேரம் இல்லாமல் வேகமாகத் தரையில் விழும். கோடையில் சமவெளியிலும் விழுந்திருக்கிறது. கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும். பஞ்சு மாதிரி இருக்காது.

நீலகிரியில் அவலாஞ்சி என்று ஓர் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பனிச்சரிவு என்று பொருள்! "ஆஹா, அப்போ ஒரு காலத்தில் பனி இருந்திருக்கிறது" என்று துள்ளாதீர்கள். 1800களின் தொடக்கத்தில் அங்கே பெரிய மண்சரிவு ஏற்பட்டதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. சரிந்தது மண்தான். அவலாஞ்சியில் கொட்டுவது மழை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவானது.

இருபதாயிரம் ஆண்டுக்கு முன்னால்

இன்று இல்லை, சரி. என்றைக்குமே இருந்ததில்லையா? சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகமே இன்றைக்கு இருப்பதைவிடப் பல டிகிரி குளிர்ந்து கிடந்தது. ஐரோப்பாவின் வடபகுதியும் வட அமெரிக்காவின் பெரும் பகுதியும் கிலோமீட்டர் கணக்கான தடிப்புள்ள பனிக்குக் கீழே இருந்தன. அந்தக் காலத்து நீலகிரி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு டைரி கிடைத்திருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்ற இடத்தில் உள்ள சதுப்பு மண்தான் அந்த டைரி!

சதுப்பில் செத்து விழுந்த இலையும் புல்லும் முழுதாக மக்காமல் ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். கீழே போகப் போகப் பழைய காலம். ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்தார்கள். சில வகைப் புற்கள் விட்டுச் செல்லும் கார்பன் ஒரு மாதிரி இருக்கும். மரங்கள் விட்டுச் செல்வது வேறு மாதிரி இருக்கும். அதை வைத்து எந்தக் காலத்தில் எது செழித்தது என்று கண்டுபிடித்து 1993இல் வெளியிட்டார்கள். கடும்குளிர்க் காலத்தில் நீலகிரி வறண்டு, அந்தப் புல் வகை ஓங்கியிருந்தது என்று தெரிந்தது. பனியாறுகள் ஓடினால் பாறையில் கீறலும் தனி மாதிரிப் பள்ளத்தாக்குகளும் மிஞ்சும். இமயமலையில் அவை உண்டு. நீலகிரியில் அப்படிப்பட்ட தடம் இல்லை.

ஆனால், வேறொரு தடயம் சிவப்பாகப் பூத்து நிற்கிறது! ரோடோடென்ட்ரான் என்ற மரம் இமயமலையில் வளரும். அதே இன மரம் நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி நீலகிரியிலும் வளர்கிறது. நடுவே உள்ள சமவெளியில் கிடையாது. பழைய குளிர்க் காலத்தில் மலை மலையாகத் தாவித் தெற்கே வந்து, பிறகு சூடு ஏறியதும் உயரமான மலைகளில் மட்டும் தங்கிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. எனக்கு என்னவோ இந்தக் கதை ரொம்பப் பிடித்திருக்கிறது.

காத்திருக்கும் மலை

இனி வருங்காலத்துக்கு வருவோம். உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது. அளவெடுக்கத் தொடங்கியதில் இருந்து மிக வெப்பமான ஆண்டு 2024. ஆகவே, ஊட்டியில் என்றாவது பனிப்பொழிவு வருமா என்றால், வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். இப்போது கேள்வியே வேறு. உறைபனியாவது ஒழுங்காக வருமா?

2023ஆம் ஆண்டு டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். நடுவில் தென் மாவட்டங்களில் வரலாறு காணாத மழை. வானம் மூடியே கிடந்தது. நவம்பர் கடைசியில் வர வேண்டிய உறைபனி தள்ளிப்போய், 2024 ஜனவரியில்தான் ஊட்டி வெடவெடத்தது. அந்த மாதம் காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி, தாவரவியல் பூங்காவில் 2 டிகிரி, சாண்டிநல்லாவில் 3 டிகிரி என்று பதிவானது. ஏன் இப்படித் தாமதம் என்று அங்குள்ளவர்கள் கவலையோடு பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டு 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு உங்களுக்கு மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அப்படியே நின்று, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. அந்தப் புயலின் மிச்சம் மேற்கே நகர்ந்து, மலைத்தொடரைத் தாண்டி அரபிக் கடல் பக்கம் போனது. நம் வயலை மூழ்கடித்த அதே மேகம்தான் மேற்கே போய் மலைக்குக் கம்பளி போர்த்துகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீண்டால், நமக்கு வெள்ளம். அவர்களுக்குத் தாமதமான உறைபனி.

உறைபனி வராவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். தேயிலை விவசாயியைக் கேட்டால் ஆமாம் என்பார். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, காலை வெயிலில் சட்டென்று உருகும்போது கொழுந்து தீயில் வாட்டியது போலக் கருகிவிடும். மறுபடி துளிர்க்கும் வரை பறிக்க இலை இல்லை. பறிப்பவர்களுக்கு வேலையும் இல்லை. 1848இல் உருவாக்கப்பட்ட ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில், மலர் நாற்றுகளைக் காப்பாற்றக் கோத்தகிரி மிலாறு என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து குடை போல மூடி வைப்பார்கள். புல்தரைக்குக் காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். மிலாறு எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வெல்ஸ் டாக்டரின் பலகை செய்த வேலைதான் அது. செடி வானத்தைப் பார்க்காமல் மறைக்கிறது!

ஆனால், மலையின் மேல் உள்ள புல்வெளியைக் கேட்டால் வேறு பதில் வரும். நீலகிரியின் உச்சிப் பகுதியில் மடிப்பு மடிப்பாகச் சோலைக் காடும், அதைச் சுற்றித் திறந்த புல்வெளியும் இருக்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உறைபனி அந்த இளங்கன்றைக் கொன்றுவிடுகிறது. புல் மட்டும் தப்பித்து மீண்டும் துளிர்க்கிறது. மரத்தை எல்லை தாண்ட விடாமல் உறைபனி காவல் நிற்கிறது. அந்தப் புல்லை நம்பித்தான் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு வாழ்கிறது. தோடர்களின் எருமைகளும் அங்கேதான் மேய்கின்றன.

2020இல் வெளியான ஓர் ஆய்வில் சோலை மரக் கன்றுகளையும், ஆஸ்திரேலியாவில் இருந்து ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட சீகை மரக் கன்றுகளையும் புல்வெளியில் வைத்துப் பார்த்தார்கள். சோலைக் கன்றுகள் குளிரில் மடிந்தன. சீகைக் கன்றுகளோ அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. உறைபனி இருக்கும்போதே நுழைந்துவிடும் சீகைக்கு, உறைபனி குறைந்தால் கேட்கவா வேண்டும்! காவல்காரர் தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பிவிட்டால் புல்வெளி என்ன ஆகும் என்பதுதான் அங்கு ஆராய்ச்சி செய்பவர்களின் கவலை.

இந்த மார்கழியில் மாடித் தட்டுச் சோதனையை ஒரு நாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, தட்டில் பனி நிறையவா, கொஞ்சமா, இல்லவே இல்லையா என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, அன்று ஊட்டியில் எத்தனை டிகிரி என்று செய்தித்தாளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் இரண்டும் ஒத்துப்போகும். உங்கள் தட்டு நனைந்து, அங்கே புல் வெளுத்திருக்கும். சில நாள் ஒத்துப்போகாது. அன்றைக்கு வானிலை மையம் வெளியிடும் செயற்கைக்கோள் படத்தை எடுத்து, பாகூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் மேகம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பாருங்கள்.